தவளை முட்டைப் பாயசமும் வம்புக் கஞ்சியும்

மொழிச் சோலை பகுதி



தலைப்பைப் பார்த்ததும் 'சே!' என்று அடுத்த தாளுக்குப் போய்விடாதீர்கள். இரண்டுமே வாயில் வைக்கக்கூடிய பொருள்கள்தான். தவளை முட்டை என்பது இங்கிலாந்துப் பள்ளிப் பிள்ளைகள் ஜவ்வரிசிப் புட்டிங்குக்கு வைத்த பெயர். வம்புக் கஞ்சி என்பது நாம் தினமும் குடிக்கிற டீ! ஆங்கிலேயர் என்றாலே கோட்டு, டை, 'தேங்க் யூ', 'எக்ஸ்க்யூஸ் மீ' என்றுதான் நமக்கு நினைப்பு. சாப்பாட்டு விஷயத்தில் அவர்கள் அடிக்கிற லூட்டியைக் கேட்டால் நம்ம ஊர் டீக்கடை பெஞ்சே தோற்றுப்போகும்.

தமிழ் இலக்கண வகுப்பில் தகுதி வழக்கு படித்தோமே, ஞாபகம் இருக்கிறதா? அதில் குழூஉக்குறி என்று ஒன்று வரும். பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பார்கள், யானைப்பாகர் ஆடையைக் 'காரை' என்பார்கள் என்று உதாரணம் எழுதி இரண்டு மார்க் வாங்கியிருப்போம். ஆங்கிலத்தில் 'ஸ்லாங்' என்று சொல்வதில் பெரும்பகுதி இந்தக் குழூஉக்குறிதான். ஒரு கூட்டத்துக்குள் மட்டும் புழங்கும் சொல். கொஞ்சம் கேலி, கொஞ்சம் ரகசியம். எந்தக் கூட்டம் வைத்த பெயர் என்று தெரிந்தால் சொல் தானாகவே விளங்கிவிடும்.

முதலில் நம்மைப் போன்ற கூட்டத்தையே பார்ப்போம்.

இங்கிலாந்தில் 1906-ல் ஒரு சட்டம் வந்தது. ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளியில் உணவு கொடுக்க உள்ளாட்சிகளுக்கு அது அனுமதி அளித்தது. 1944-ல் வந்த கல்விச் சட்டம் அதைக் கடமையாகவே ஆக்கியது. ஆக, பல தலைமுறைப் பிள்ளைகள் ஒரே மாதிரி பள்ளிச் சாப்பாடு சாப்பிட்டு வளர்ந்தார்கள். அதில் அடிக்கடி வந்த இனிப்பு, பாலில் வேகவைத்த ஜவ்வரிசி. வெந்ததும் கண்ணாடி மாதிரி ஆகி, நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளியோடு வழவழ என்று இருக்குமா? குளத்து ஓரத்தில் தவளை போட்டுவிட்டுப் போகும் முட்டைக் கூட்டமும் அப்படியே இருக்கும். ஒருவன் சொல்லியிருப்பான், பக்கத்தில் இருந்தவன் சிரித்திருப்பான். அன்றிலிருந்து அது 'ஃப்ராக்ஸ்பான்', அதாவது தவளை முட்டை. இன்றைக்குத் தாத்தா ஆகிவிட்டவர்கள்கூட அங்கே அதை அப்படித்தான் சொல்கிறார்கள். சேலம் பக்கத்து மரவள்ளிக் கிழங்கிலிருந்து வருகிற நம் ஜவ்வரிசிக்கும் அதே முகம்தான். அடுத்த முறை வீட்டில் பாயசம் வைக்கும்போது உற்றுப் பாருங்கள். (பார்த்த பிறகு குடிக்க முடியவில்லை என்றால் நான் பொறுப்பல்ல.)

இன்னொரு பள்ளிக்கூடப் பெயர் 'ஸ்க்வாஷ்ட் ஃப்ளை பிஸ்கட்', நசுங்கின ஈ பிஸ்கட். மெல்லிய இரண்டு பிஸ்கட் தகடுகளுக்கு நடுவே கறுப்பு உலர் திராட்சையை வைத்து அழுத்திச் செய்வது. 1861-ல் பீக் ஃப்ரீன் என்ற கம்பெனி இதைக் கொண்டுவந்தபோது இத்தாலிய வீரர் கரிபால்டியின் பெயரை மரியாதையாக வைத்தது. இத்தாலியை ஒன்றாக்கப் போராடிய அவ்வளவு பெரிய மனிதரைத் தள்ளிவிட்டு ஈயை உட்கார வைத்துவிட்டார்கள் பிள்ளைகள்! இதே போலத் திராட்சை அடைத்த ஒரு கேக் துண்டுக்கு 'ஈக்களின் சுடுகாடு' என்று பெயர். மாவுக்குள் ஜாம் தடவிச் சுருட்டி, பழைய சட்டைக் கையில் கட்டி வேகவைத்த ஒரு இனிப்பு உண்டு. துணியை அவிழ்த்தால் வெளிறிப்போய் நீளமாகக் கிடக்கும். அதற்குப் பெயர் 'செத்தவன் கை'. சில இடங்களில் 'செத்தவன் கால்'. எனக்கென்னவோ கைதான் பொருத்தம் என்று படுகிறது, சட்டைக் கையில் கட்டுவதால்.

அடுப்பங்கரைப் பெயர்கள் வேறு மாதிரி. அங்கே சத்தம்தான் முக்கியம். மிஞ்சிப்போன உருளைக்கிழங்கையும் முட்டைக்கோஸையும் வாணலியில் போட்டு வறுத்தால் முதலில் குமிழி விடும், பிறகு கீச்சிடும். அதனால் அந்தப் பலகாரத்தின் பெயரே 'பபிள் அண்ட் ஸ்க்வீக்', குமிழியும் கீச்சும்! சாசேஜுக்கு 'பேங்கர்', அதாவது வெடி. முதல் உலகப் போர்க் காலத்தில் இறைச்சித் தட்டுப்பாட்டால் தண்ணீரும் வேறு சாமான்களும் சேர்த்து அடைத்தார்களாம், சட்டியில் போட்டதும் 'டமார்' என்று வெடித்ததாம். இப்படித்தான் பொதுவாகச் சொல்கிறார்கள். வெடிக்கிற சாசேஜும் மசித்த உருளைக்கிழங்கும் சேர்ந்தால் 'பேங்கர்ஸ் அண்ட் மேஷ்'. இன்றைக்கு அது பெரிய ஓட்டல் மெனு கார்டிலும் உட்கார்ந்துவிட்டது. அதே சாசேஜை மாவுக் கரைசலில் பாதி மூழ்க வைத்துச் சுட்டால் 'டோட் இன் த ஹோல்', பொந்துக்குள் தேரை. தேரையும் கிடையாது, பொந்தும் கிடையாது. தலையை மட்டும் நீட்டிக்கொண்டு கிடக்கிற தோற்றம்தான் காரணம்.

இந்தச் சொற்களையெல்லாம் யார் எழுதி வைத்தது? படித்தவர்கள் அந்தக் காலத்தில் இவற்றை மதித்ததே இல்லை. ஃபிரான்சிஸ் குரோஸ் என்று ஒருவர் இருந்தார். படையில் கேப்டனாக இருந்தவர், பழங்காலப் பொருள்களை ஆராய்ந்தவர், நல்ல குண்டு மனிதர். ராத்திரி நேரத்தில் தன் உதவியாளரைக் கூட்டிக்கொண்டு லண்டனின் சந்து பொந்துகளில் சுற்றி, கூலிக்காரர், கப்பல்காரர், திருடர் என்று எல்லாரும் பேசுவதைக் காது கொடுத்துக் கேட்டுக் குறித்துக்கொண்டார். 1785-ல் அதை அகராதியாகப் போட்டார். கொச்சை மொழிக்கு ஒரு செம்மொழி அகராதி என்று சொல்கிற மாதிரி புத்தகப் பெயரிலேயே குறும்பு வைத்தார். குமிழியும் கீச்சும் அதில் இருக்கிறது. அன்றைக்கு அது மாட்டிறைச்சியும் முட்டைக்கோஸும். உருளைக்கிழங்கு பின்னால் வந்து சேர்ந்தது.

வம்புக் கஞ்சியும் அதில்தான் இருக்கிறது. 'ஸ்கேண்டல் ப்ராத்' என்றால் டீ. பெண்கள் கூடி உட்கார்ந்து டீ குடித்தால் ஊர் வம்பு பேசுவார்கள் என்று ஆண்கள் வைத்த பெயர். (நம் ஆண்கள் டீக்கடையில் நியூஸ்பேப்பரை வைத்துக்கொண்டு பேசுவது மட்டும் என்னவாம்?) 'சாட்டர் ப்ராத்', வாயாடிக் கஞ்சி, என்றும் சொல்லியிருக்கிறார்கள். இன்னும் மட்டமாக 'கேட் லேப்', பூனை நக்கிக் குடிக்கிற சமாசாரம் என்றும் சொன்னார்கள். திருடர்கள் பாஷையில் பன்றிக்கு 'உறுமுற சாமான்', கோழிக்குக் 'கொக்கரிக்கிற சாமான்', வாத்துக்குக் 'குவாக் குவாக் சாமான்' என்கிற மாதிரி பெயர்கள் இருந்தன. பக்கத்தில் காவல்காரன் நின்றாலும் எந்த வீட்டில் எதைத் தூக்கலாம் என்று தைரியமாகப் பேசிக்கொள்ளலாம் அல்லவா!

டீக்கு இன்றைக்கும் பெயர்கள் குறைந்தபாடில்லை. 'சார்' என்பது ஒன்று. சீன மொழியின் 'சா'விலிருந்து வந்தது, நம் சாயாவுக்குச் சொந்தக்காரன். 'கப்பா' என்றால் ஒரு கப் டீ. 'பில்டர்ஸ் டீ' என்றால் கொத்தனார் டீ: திக்காக, பாலும் சர்க்கரையும் தூக்கலாக. நம்ம ஊரில் 'ஸ்ட்ராங்கா ஒண்ணு' என்று கேட்போமே, அதேதான்.

தண்ணீர் விஷயத்துக்கு வருகிறேன். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

குரோஸ் அகராதியிலேயே தண்ணீருக்கு 'ஆடம்ஸ் ஏல்' என்று இருக்கிறது. ஏல் என்பது ஒரு வகை மது. ஆதி மனிதன் ஆதாமுக்குக் குடிக்க வேறென்ன இருந்தது? அதனால் தண்ணீர்தான் ஆதாமின் சரக்கு. மது வாங்கக் காசில்லாதவன் 'நான் ஆதாமின் சரக்கு சாப்பிடுகிறேன்' என்று கௌரவமாகச் சொல்லிக்கொள்ளலாம். வட இங்கிலாந்தில் இன்னொரு பெயர், 'கார்ப்பரேஷன் பாப்'. பாப் என்றால் மூடியைத் திறந்ததும் 'பாப்' என்று சத்தம் வருகிற கலர், சோடா வகையறா. கார்ப்பரேஷன் குழாயில் வருகிற கலர் என்றால்? குழாய்த் தண்ணீர்தான்! குழந்தை கடையில் கலர் வேண்டும் என்று அழுதால், 'வீட்டில் கார்ப்பரேஷன் பாப் இருக்கு, வா' என்று அம்மா இழுத்துக்கொண்டு போவாள்.

என் சித்தப்பா கேட்டரிங் படித்துவிட்டு அந்தப் பக்கம் ஒரு உணவகத்தில் வேலைக்குப் போனார். போன முதல் வாரம், வயதான ஒருவர் மேஜையில் உட்கார்ந்து 'ஒரு கார்ப்பரேஷன் பாப்' என்று கேட்டிருக்கிறார். சித்தப்பா ஃப்ரிட்ஜில் இருந்த எல்லா பாட்டிலையும் திருப்பித் திருப்பி லேபிளைப் படித்துப் பார்த்திருக்கிறார். கோலா இருக்கிறது, லெமன் இருக்கிறது, கார்ப்பரேஷன் மட்டும் இல்லை! 'ஸ்டாக் இல்லை சார்' என்று போய்ச் சொல்ல, அந்த மேஜையே சிரித்திருக்கிறது. ஊருக்கு வந்தபோது என்னிடம் சொன்னார்: "பன்னிரண்டு வருஷம் இங்கிலீஷ் படிச்சேன்டா. ஒரு டம்ளர் தண்ணியை எனக்குப் புரிஞ்சுக்க முடியல." அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார், ஆனாலும் எனக்கு அது மனசில் நின்றுவிட்டது. அன்றிலிருந்துதான் இந்தச் சொற்களை ஒரு நாற்பது பக்க நோட்டில் சேர்க்க ஆரம்பித்தேன். நம்மில் நிறைய பேர் பிளஸ் டூ முடித்து ஓட்டல் வேலைக்கும், நர்ஸ் வேலைக்கும், கப்பல் வேலைக்கும் போகப் போகிறவர்கள். கிராமர் புத்தகத்தில் இந்த ஆங்கிலம் வராது. அங்கே போய் முழிக்கிறவனுக்கு இங்கிலீஷே வராது என்று எடை போட்டுவிடுவார்கள். அப்படியில்லை. அவனுக்கு அந்த ஊர்க் குழாய்தான் தெரியாது.

ஓட்டல் என்றதும் அமெரிக்காவுக்குப் போக வேண்டும். அங்கே ரோட்டோரச் சின்ன ஓட்டல்களை 'டைனர்' என்பார்கள். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் தொடங்கி 20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை, அங்கே பரிமாறுகிறவர் சமையல்காரருக்குக் கத்திச் சொல்லும் ஆர்டர் ஒரு தனி பாஷையாகவே இருந்தது. சாதாரணமாகக் கத்தினால் பத்து ஆர்டரில் இரண்டு மறந்துபோகும். வேடிக்கையாகக் கத்தினால் மறக்காது. அவ்வளவுதான் சூட்சுமம்.

தண்ணீரில் உடைத்து ஊற்றி வேகவைத்த இரண்டு முட்டையை டோஸ்ட் மேல் வைத்துக் கேட்டால், 'ஆடம் அண்ட் ஈவ் ஆன் எ ராஃப்ட்'. தெப்பத்தின் மேல் ஆதாமும் ஏவாளும்! வாடிக்கையாளர் மனசு மாறி, முட்டையைக் கிளறிக் கொடு என்றால் 'ரெக் தெம்', தெப்பத்தைக் கவிழ்த்துவிடு என்று ஒரு கத்தல். பன்றித் தொடைக் கறிக்கு ஆங்கிலத்தில் ஹாம். பைபிளில் நோவாவின் பிள்ளை ஒருவன் பெயரும் ஆங்கிலத்தில் ஹாம்தான், தமிழ் பைபிளில் காம் என்று வரும். அதனால் அந்தக் கறி 'நோவாஸ் பாய்', நோவா பெற்ற பிள்ளை. ஆப்பிள் பை கேட்டால் 'மூடி போட்ட ஏவாள்'. இதற்கு விளக்கம் வேண்டியதில்லை, பழத்தைத் தின்றவள் ஏவாள். ஐஸ் போடாதே என்பதற்கு 'ஆலங்கட்டியை நிறுத்து'. தட்டில் வைத்ததும் ஆடுகிற ஜெல்லிக்கு 'நர்வஸ் புட்டிங்', அதாவது பயந்து நடுங்குற புட்டிங். உப்புக்குக் 'கடல் தூசி', சர்க்கரைக்கு 'மணல்', வெண்ணெய்க்கு 'அச்சு கிரீஸ்', சோடாத் தண்ணிக்கு 'ஏப்பத் தண்ணி'. சும்மா தண்ணிக்கு 'டாக் சூப்', நாய் சூப்! பார்சல் என்றால் 'நடக்க விடு'. தீர்ந்துபோன பண்டத்துக்கு 'எய்ட்டி சிக்ஸ்', வெறும் எண். ஏன் 86 என்பதற்கு ஆளுக்கு ஒரு கதை சொல்கிறார்கள்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது தெப்பம்தான். நாள் பூரா நின்று கால் வீங்குகிற வேலையில் இருந்துகொண்டு ஒரு முட்டையைப் பார்த்து இப்படித் தோன்றுவதற்குத் தனி மனசு வேண்டும்.

லண்டன் கிழக்குப் பகுதியின் கதை இன்னும் சுவாரஸ்யம். 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் அங்கே தெருவியாபாரிகள் நடுவே ஒரு விளையாட்டு கிளம்பியது. சொல்ல வேண்டிய சொல்லைச் சொல்லாமல், அதோடு ஓசை ஒத்துப்போகும் ஒரு சொற்றொடரைச் சொல்வது. தமிழில் சொன்னால் இயைபுத் தொடை. டீக்கு 'ரோஸி லீ'. டீ, லீ சரியாகப் போகிறதா? பிறகு லீயையும் வெட்டிவிட்டு 'ஒரு ரோஸி கொடு' என்பார்கள். வெளியாளுக்குத் தலையும் புரியாது வாலும் புரியாது. இதை வகுப்பில் விளக்க நானே ஒன்று செய்து பார்த்தேன். சோறு என்பதோடு ஒத்துப்போவது ஆறு. காவிரி ஆறு என்று வைத்துக்கொள்வோம். ஆற்றை வெட்டிவிடுவோம். இனிமேல் வீட்டில், 'அம்மா, இன்னும் ரெண்டு கரண்டி காவிரி போடு!' புரிந்ததா? எங்கள் பெஞ்சில் இது இப்போது நடைமுறையில் இருக்கிறது.

இப்படித்தான் ரொட்டித் துண்டைக் குறிக்கும் 'லோஃப்' தலைக்கு வந்தது. 'லோஃப் ஆஃப் பிரெட்', தலை 'ஹெட்'. 'யூஸ் யுவர் லோஃப்' என்று யாராவது சொன்னால் ரொட்டியைத் தேடாதீர்கள், மூளையை உபயோகிக்கச் சொல்கிறார். 'போர்க்கி' என்றால் பொய். 'போர்க் பை', 'லை'. பசி உயிர் போகிறது என்றால் 'ஹேங்க் மார்வின்'. அவர் புகழ்பெற்ற கிட்டார் கலைஞர், பசிக்கும் அவருக்கும் சம்பந்தமே கிடையாது, 'ஸ்டார்விங்' என்ற சொல்லோடு பெயர் ஒத்துப்போனது மட்டும்தான் அவர் செய்த தப்பு. ஆஸ்திரேலியாக்காரர்கள் இந்த விளையாட்டை எடுத்துக்கொண்டு தக்காளி சாஸைச் 'செத்த குதிரை' ஆக்கிவிட்டார்கள். சாஸ், ஹார்ஸ். பை என்ற பலகாரம் 'நாய்க் கண்', டாக்ஸ் ஐ. 'ஒரு நாய்க் கண்ணும் செத்த குதிரையும்' என்று அங்கே ஒருவர் நிம்மதியாக ஆர்டர் கொடுப்பார்!

இதில் நமக்கு நேர் சொந்தமான ஒன்று உண்டு. 'ரூபி'. பெல்ஃபாஸ்டில் பிறந்த பாடகி ரூபி மரே (1935-1996). 1955-ல் ஒரே வாரத்தில் பிரிட்டனின் முதல் இருபது பாட்டுகளில் இவருடையவை மட்டும் ஐந்து! மரே என்பது 'கரி'யோடு ஒத்துப்போனதால், லண்டனில் 'ரூபி சாப்பிடப் போகலாமா?' என்றால் கறிக் குழம்பு சாப்பிடப் போகலாமா என்று பொருள். கரி என்ற ஆங்கிலச் சொல் நம் கறியிலிருந்து போனது என்பது எல்லாரும் அறிந்தது. நம் கறி கப்பலேறிப் போய், கரி ஆகி, கடைசியில் ஒரு பாடகியின் பெயரில் வாழ்கிறது.

இனிச் சொல்லப்போவதில் சிரிப்பு கொஞ்சம் குறையும்.

'வெல்ஷ் ராபிட்' என்றால் வேல்ஸ் நாட்டு முயல். தட்டைப் பார்த்தால் முயல் இருக்காது, டோஸ்ட் மேல் உருக்கிய சீஸ்தான் இருக்கும். வேல்ஸ்காரனுக்கு முயல் வாங்க வக்கில்லை, அவனுக்குச் சீஸ்தான் முயல் என்று ஆங்கிலேயன் செய்த நக்கல் இது. 1725-லேயே இந்தப் பெயர் எழுத்தில் இருக்கிறது. பின்னால் சிலர் கூச்சப்பட்டு ராபிட்டை 'ரேர்பிட்' என்று மாற்றி, 'அபூர்வத் துண்டு' என்று பொருள் வரும்படி செய்தார்கள். 'ஸ்காட்ச் வுட்காக்' என்றால் ஸ்காட்லாந்துக்காரனின் காட்டுப் பறவை. உண்மையில் அது டோஸ்ட்டும் முட்டையும் நெத்திலி மாதிரி ஒரு மீனும். 'யார்மவுத் கேப்பன்' என்றால் கொழுக்க வளர்த்த சேவல் என்று நினைப்போம், வருவது புகை போட்ட ஒரு மலிவு மீன். அயர்லாந்து உருளைக்கிழங்குக்கு 'மன்ஸ்டர் பிளம்', 'ஐரிஷ் ஆப்ரிகாட்'. ஏழையின் தட்டில் இருப்பதைப் பணக்காரன் பண்டத்தின் பெயரால் கூப்பிடுவதுதான் இவை எல்லாவற்றிலும் உள்ள சூத்திரம்.

உருளைக்கிழங்குக்கு 'மர்ஃபி' என்றும் ஒரு பெயர் உண்டு. மர்ஃபி அயர்லாந்தில் மிகச் சாதாரணமான குடும்பப் பெயர். அவர்கள் எப்போது பார்த்தாலும் கிழங்கு தின்கிறார்கள் என்பதால் கிழங்கே மர்ஃபி ஆகிவிட்டது. வேறு வழியில்லாமல்தான் தின்றார்கள். சிறு துண்டு நிலத்தில் ஒரு குடும்பம் பிழைக்க அந்தக் கிழங்கு ஒன்றுதான் கைகொடுத்தது. 1845-ல் கிழங்குச் செடியில் நோய் விழுந்தது. 1852 வரை நீடித்த பஞ்சத்தில் சுமார் 10 லட்சம் பேர் இறந்தார்கள். அதற்கும் மேற்பட்டவர்கள் கப்பலேறி ஊரைவிட்டே போனார்கள். இதைப் படித்த பிறகு மர்ஃபி என்ற சொல்லை என் நோட்டில் சிரிப்புப் பட்டியலிலிருந்து எடுத்துத் தனியாக எழுதி வைத்தேன். கார்ப்பரேஷன் பாப் என்று சொன்னவள் தன் வீட்டுக் குழாயைத் தானே கேலி செய்துகொண்டாள். மர்ஃபி என்று சொன்னவன் அடுத்தவன் தட்டை எட்டிப் பார்த்துச் சொன்னான். இரண்டும் ஒன்றல்ல. நம் பள்ளியிலும் ஒருவனுக்கு அவன் டிபன் டப்பாவை வைத்து ஒரு பெயர் வழங்குகிறது. அதை நான் இந்தத் தாளில் எழுத மாட்டேன். யாரைச் சொல்கிறேன் என்று கூப்பிடுகிறவர்களுக்குத் தெரியும்.

அதே சூத்திரம் இந்தியாவுக்கும் வந்தது. 'பாம்பே டக்', பம்பாய் வாத்து. அது வாத்து இல்லை, 'பொம்பில்' என்று மராத்தியில் சொல்கிற மீன். காயவைத்தால் தெருவுக்கே வாசம் வரும். தபால் ரயிலில் ஏற்றிப் போனதால், தபாலைக் குறிக்கும் 'டாக்' என்ற சொல் டக் ஆனது என்று ஒரு கதை சொல்வார்கள். அந்தக் கதை நிற்காது. பம்பாயில் முதல் ரயில் ஓடியது 1853-ல். அதற்கு முன்பே பாம்பே டக் அச்சில் வந்துவிட்டது.

இந்தியாவில் இருந்த ஆங்கிலேயர் பேசிய இப்படிப்பட்ட சொற்களை ஹென்றி யூல், ஏ. சி. பர்னெல் என்ற இருவர் சேர்த்து 'ஹாப்சன் ஜாப்சன்' என்று ஒரு பெரிய அகராதி செய்தார்கள். 1886-ல் வெளிவந்தது. பர்னெல் நம் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர், அரண்மனைச் சுவடிகளுக்குப் பட்டியல் செய்தவர். புத்தகம் வருவதற்கு முன்பே 1882-ல் காலமாகிவிட்டார். அதில் ஆங்கிலேயர்கள் ஒருவரை ஒருவர் எப்படிக் கூப்பிட்டார்கள் என்று இருக்கிறது. பம்பாய் மாகாணத்து அதிகாரிகள் 'டக்ஸ்', காரணம் அந்த மீன். சென்னை மாகாணத்து அதிகாரிகள் 'மல்ஸ்'. காரணம்? முலிகடானி! அதாவது நம் மிளகுத் தண்ணி. சளி பிடித்தால் பாட்டி வைத்துத் தருகிற அந்த மிளகு ரசம் கோட்டைக்குள் போய், இறைச்சியும் பருப்பும் சேர்ந்து கெட்டி சூப்பாகி, வெள்ளைக்கார துரைமாருக்கே பட்டப்பெயர் ஆகிவிட்டது. மற்றவர் தட்டைப் பார்த்துப் பெயர் வைத்துக்கொண்டிருந்தவர்களுக்கு ஒரு தடவையாவது திருப்பி விழுந்ததே என்று எனக்குச் சின்ன சந்தோஷம்.

நம் கஞ்சியும் அந்த அகராதியில் இருக்கிறது. பட்டாளத்தில் தப்பு செய்த சிப்பாயை அடைத்து வைக்கும் அறைக்குக் 'காஞ்ஜி ஹவுஸ்' என்று பெயர். உள்ளே போனால் கஞ்சிதான் கிடைக்கும் என்பதால். ஹைதர் அலியிடம் சிறைப்பட்ட ஆங்கிலக் கடற்படைக்காரர் ஒருவர் எழுதியதாக 1784-ல் வந்த ஒரு பாட்டில், பெங்களூர் ஜெயிலில் மிளகுத் தண்ணியும் கஞ்சியும் சாப்பிட்டே காலம் தள்ளுகிறோம் என்று புலம்பல் இருக்கிறது. நமக்கு உடம்புக்கு ஆகும் என்கிற சாப்பாடு அவர்களுக்குத் தண்டனை!

அதே புத்தகத்தில் 'சடன் டெத்', திடீர் மரணம், என்று ஒரு பலகாரம். பயணிகள் தங்கும் பங்களாவுக்குள் துரை நுழையும்போது கோழி முற்றத்தில் மேய்ந்துகொண்டிருக்கும். அவர் குளித்து உடை மாற்றி வந்து உட்காரும்போது அது வறுவலாகத் தட்டில் இருக்கும். கோழியின் பக்கமிருந்து யோசித்து வைத்த பெயர் இது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

இன்னும் இரண்டு சொல் மட்டும். உருளைக்கிழங்குக்கு 'ஸ்பட்' என்ற பெயர் வந்ததற்கு, கிழங்கை எதிர்த்த ஒரு சங்கத்தின் முதலெழுத்துகள்தான் காரணம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஸ்பட் என்பது கிழங்கு தோண்டுகிற சின்னக் கருவியின் பெயர். இரண்டாவது, கம்ப்யூட்டர் லேபில் தினமும் பார்க்கிற 'ஸ்பாம்'. அது 1937-ல் அமெரிக்காவில் வந்த டப்பா இறைச்சியின் பெயர். 1970-ல் பிரிட்டிஷ் டி.வி.யில் மான்டி பைதான் குழுவினர் ஒரு நகைச்சுவைக் காட்சி போட்டார்கள். அதில் ஓட்டல் மெனு பூரா ஸ்பாம், ஸ்பாம், ஸ்பாம்தான். வேறு யாரும் வாயைத் திறக்க முடியாது. வேண்டாத மெயில் வந்து குவிவதும் அப்படி இருந்ததால் அதற்கு இதே பெயர் ஒட்டிக்கொண்டது.

நோட்டில் இன்னும் பதினெட்டு பக்கம் பாக்கி இருக்கிறது, தாளில்தான் இடமில்லை. கப்பல்காரர் சாப்பாட்டுப் பெயர்களை அடுத்த மாதம் எழுதுகிறேன். உங்கள் வீட்டில், தெருவில், அப்பா வேலை செய்கிற இடத்தில் சாப்பாட்டுக்கு வழங்கும் வேடிக்கைப் பெயர் எதுவாக இருந்தாலும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, நூலக வாசலில் உள்ள இதழ்ப் பெட்டியில் போடுங்கள். யார் வைத்த பெயர் என்பதையும் மறக்காமல் எழுதுங்கள். மதிய பெல் அடித்துவிட்டது, காவிரி ஆறிப்போகும், வருகிறேன்.

- பதினொன்றாம் வகுப்பு, 'ஆ' பிரிவு